தொண்டைக்குள் போட்ட ஒட்டு: ஒரு மண்டபத்து ஓடாவியின் மதிப்புரை

படகுக்கு ஒட்டுப் போடுவது என் தொழில். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருபத்தாறு வருஷமாக ஓடாவி, அதாவது படகு கட்டுகிறவன். முன்பெல்லாம் மரம், பலகை இடுக்கில் பஞ்சு திணிக்கும் கலப்பத்து, குங்கிலியம். இப்போது முக்கால்வாசி ஃபைபரும் ரெசினும்தான். ஒரு ஒட்டைப் பார்த்தால் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இது என் கழுத்துக்குள் இன்னொருவர் போட்ட ஒட்டைப் பற்றியது.

2023 நவம்பரில், மதுரையில் ஒரு மருத்துவமனையில், என் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே விழுந்திருந்த ஓட்டையைப் பிரித்துத் தைத்து, கழுத்துத் தசையைத் திருப்பி இரண்டுக்கும் நடுவில் வைத்தார்கள். டாக்டர்கள் ஃப்ளாப் என்கிறார்கள். மருத்துவமனையின் பெயரைப் போடப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அந்த டாக்டர் முகத்தில் நான் இன்னும் விழிக்க வேண்டியிருக்கிறது. இதே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கும் யாருக்காவது உதவினால் சரி.

ஓட்டை எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன்பிடிக்கிறவர்களுக்கு அது பட்டினிக் காலம், எங்களுக்கு அதுதான் சீசன். விசைப்படகெல்லாம் அப்போதுதான் வரிசையாகக் கரையேறும். அந்த மே மாதம் ஒரு படகின் மேலிருந்து கால் தவறி, கீழே கிடந்த கட்டையில் தலை மோதி விழுந்தேன். கண் விழித்தபோது இருபத்திரண்டு நாள் போயிருந்தது. அத்தனை நாளும் வென்டிலேட்டர். முதலில் வாய்வழியே குழாய், அப்புறம் கழுத்தில் துளை போட்டு டிரக்கியாஸ்டமி. மூக்குவழியாகக் கஞ்சிக்கு ஒரு ரைல்ஸ் டியூப். உயிரைக் காப்பாற்றினார்கள், அதில் மறுபேச்சே இல்லை.

வீட்டுக்கு வரும்போது கழுத்துக் குழாயோடுதான் வந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வாயால் குடித்துப் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் என் மனைவி டம்ளரில் கால் பங்கு காபி கொடுத்தாள். இரண்டு மடக்கு. உடனே இருமல். அடங்காத இருமல். முதுகைத் தட்டிக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது. கழுத்துக் குழாயின் வாயில் காபி நிறத்தில் நுரை. அவள் அதைத் துணியால் துடைத்து முகர்ந்து பார்த்தாள். "என்னங்க, இது காபி வாசனை அடிக்குதே" என்றாள். அவ்வளவுதான், எந்த ஸ்கேனுக்கும் முன்னால் என் நோயைக் கண்டுபிடித்தது அவள்தான்.

காரணத்தைப் பிறகு மதுரை டாக்டர் ஒரு பேனாவை வைத்து விளக்கினார். மூச்சுக்குழாய் என்பது வளையம் வளையமாகக் குருத்தெலும்பு அடுக்கியது. ஆனால் முழு வளையம் கிடையாது, பின்பக்கம் திறந்திருக்கும். படகின் வங்கை, அதாவது விலா மாதிரி வளைந்த சட்டத்தை, படுக்கவைத்துப் பார்த்த மாதிரி. திறந்த பக்கத்தில் மெல்லிய சவ்வுதான். அதை ஒட்டினாற்போல் உணவுக்குழாய். வென்டிலேட்டர் குழாயின் நுனிக்குப் பக்கத்தில் காற்றுக் கசியாமல் இருக்க ஒரு சின்ன பலூன் ஊதி வைப்பார்கள், கஃப் என்று பேர். அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் அந்த இடத்துச் சின்ன ரத்தக்குழாய்கள் நசுங்கி, சதை செத்துப்போகும். எனக்கு முன்னால் பலூன், பின்னால் ரைல்ஸ் டியூப், நடுவில் இந்தச் சவ்வு. படகின் முன்பக்கத்து அணியத்தில் கயிறு ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருந்தால் எந்தப் பலகையும் தேயத்தானே செய்யும்.

பலூனின் அழுத்தத்தைப் பார்க்கக் கைக்கடக்கமாக ஒரு மீட்டர் இருக்கிறது. இருபத்திரண்டு நாளில் அதை யாரும் எடுத்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை என்கிறாள் என் மனைவி. ஆனால் அவளை ஐசியூவுக்குள் விட்டதே நாளுக்குப் பத்து நிமிஷம். அதனால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். உங்கள் வீட்டு ஆள் வென்டிலேட்டரில் இருந்தால் மட்டும் தயங்காமல் கேளுங்கள்: "சிஸ்டர், கஃப் பிரஷர் பார்த்தீங்களா?" கேட்டால் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

ஓட்டை தெரிந்ததும் வேறு ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றார்கள், ஓட்டையை உள்ளிருந்து மறைக்கும் ஒரு குழாய். ஒரே நாளில் வேலை முடியும், கத்தி கிடையாது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. நர்சிங் படிக்கும் என் மகள்தான் தடுத்தாள். புற்றுநோயால் வந்த ஓட்டைக்கு, ஆபரேஷன் தாங்காத உடம்புக்கு ஸ்டென்ட் பெரிய உதவி. என்னைப் போல் குழாய் அழுத்தி வந்த ஓட்டைக்கு அது நிரந்தர வழியல்ல. உள்ளிருந்து தள்ளித் தள்ளி ஓட்டையையே பெரிதாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. யோசித்தால் எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஓட்டைப் பலகையில் ஆப்பு அடித்து அடைப்பது கரை சேரும்வரைக்கும்தான்.

மதுரை டாக்டரிடம் போனால் உடனே வெட்டுவார் என்று பையைக் கட்டிக்கொண்டு போனோம். அவர் பார்த்துவிட்டு, "இப்ப செய்ய மாட்டேன்" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. இப்போது கேட்டால் அவர் செய்த வேலையிலேயே நல்ல வேலை அந்த மறுப்புதான் என்பேன். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா. 64 கிலோ இருந்தவன் 49 கிலோ. நைந்த சதையில் தையல் நிற்காது. ஈர மரத்தில் ரெசின் போடச் சொல்லி என்னிடம் ஒருவர் வந்தால் நானும் இதையேதான் சொல்வேன்.

ஆக, ஐந்து மாதம் காத்திருப்பு. இந்த ஐந்து மாதத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரைல்ஸ் டியூபை எடுத்துவிட்டு வயிற்றில் இரண்டு குழாய் வைத்தார்கள். ஒன்று இரைப்பையில், அமிலம் மேலே ஏறி ஓட்டைவழியே நுரையீரலுக்குப் போகாமல் வெளியே வடிக்க. இன்னொன்று அதற்குக் கீழே சிறுகுடலில், சாப்பாட்டுக்கு. வாய்வழியே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எச்சிலைக்கூட முடிந்தவரை துப்பத்தான் வேண்டும். படுக்கை எப்போதும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கும். தரையில் பாய் போட்டுப் பழகியவனுக்கு அது தனித் தண்டனை. சிறுகுடல் குழாய் மெல்லியது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மாவுக் கஞ்சியை வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி, சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அவசரமாக ஏற்றினால் வயிறு கலக்கிவிடும். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு நாள் என் மச்சான், "கேப்பைக் கூழ் நல்ல சத்து" என்று ஆசையாக ஏற்றி, குழாயை அடைத்து, ராத்திரி பதினோரு மணிக்கு ராமநாதபுரம் ஓடினோம். அன்றிலிருந்து அவனைக் குழாய்ப் பக்கமே விடவில்லை.

வீட்டில் மீன் குழம்பு வைப்பதை மனைவி நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டில் நிறுத்துவார்களா? குண்டு மிளகாய் அரைத்த சீலாமீன் குழம்பு வாசம் மதியம் பன்னிரண்டு மணிக்குச் சன்னல்வழியே வரும். நான் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடுவேன். பீடியை விட்டதும் அந்த ஐந்து மாதத்தில்தான். விட்டால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இருபத்தெட்டு வருஷப் பழக்கம். அதைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை.

செக்கப்புக்கு மதுரை போக ரயில்தான். அப்போது பாம்பனில் பழைய ரயில் பாலம் மூடியிருந்த காலம். மண்டபத்திலேயே ரயில் புறப்பட்டதால் உட்கார இடம் கிடைத்தது. ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு அது தொல்லை, எனக்கு மட்டும் அதிர்ஷ்டம். பரமக்குடி தாண்டியதும் எதிரே இருப்பவர் பொட்டலத்தைப் பிரிப்பார். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அக்டோபர் கடைசியில் 56 கிலோ வந்தது, நெஞ்சுப் படமும் தெளிந்தது. தேதி கொடுத்தார்.

முந்தின நாள் அவர் உட்கார்ந்து விளக்கிய அரை மணி நேரத்துக்குத் தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். மூச்சுக்குழாயில் கெட்டுப்போன மூன்று வளையத்தை வெட்டி எடுத்துவிட்டு மேல்முனையையும் கீழ்முனையையும் இழுத்து இணைப்பது. உணவுக்குழாயை இரண்டு அடுக்காகத் தைப்பது. இதோடு விட்டால் இரண்டு தையலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். ஒன்றில் கசிந்தால் மற்றதும் போய், பழைய வழியே திறந்துகொள்ளும். ஆகவே நடுவில் ஒரு தசை. பக்கத்துப் பக்கத்துப் பலகைகளின் பொருத்தை ஒரே வங்கில் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, "அப்ப உங்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்ல" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "தசையை அறுத்து வச்சா அது அழுகாதா சார்?"

"அறுத்து எடுத்து வைக்கிறதில்ல. ஒரு முனையை மட்டும் அவிழ்த்துத் திருப்புறோம். ரத்தம் வர்ற வழி அப்படியே இருக்கும்."

கண்ணாடி முன் நின்று தலையைத் திருப்பிப் பாருங்கள். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பிலிருந்து நெஞ்செலும்பு வரை கயிறு மாதிரி ஒன்று புடைக்கும். அதற்குக் கீழே இரண்டு கால்: ஒன்று நெஞ்செலும்பில், ஒன்று காறை எலும்பில். எனக்கு வலப்பக்கம் நெஞ்செலும்புக் காலை மட்டும் அவிழ்த்து உள்ளே மடக்கினார்கள். மேல்பக்கத்து ரத்தக்குழாய் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். நான் போடும் ஃபைபர் ஒட்டு போட்ட அன்றைக்குத்தான் உறுதி. மறுநாளிலிருந்து வெயிலும் உப்பும் அதைத் தின்னத் தொடங்கும். இது நாளாக ஆக இறுகுகிற ஒட்டு. இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு சாமான் என் கையில் வந்ததில்லை.

ஓட்டை நெஞ்சுக்குள் கீழே இருந்தால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசையை எடுப்பார்களாம். பெரிய இடம் மூட வேண்டியிருந்தால் மார்புத் தசை. தோலோடு சேர்த்து எடுக்கும் ஃப்ளாப்பும் உண்டு. அதில் ஒரு வேடிக்கையான தொல்லை, தோலில் முடி இருந்தால் உள்ளே போன பிறகும் அது வளரும். ஆஸ்பத்திரியில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதற்கு மட்டும்தான். சத்தம் வரவில்லை, கழுத்தில் குழாய்.

மகள் இதற்கு ஒரு பழைய கதை சொன்னாள். ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவருக்கு மூக்கு அறுபட்டுப் போக, புனே பக்கத்தில் ஒருவர் நெற்றித் தோலை அடி வேர் அறாமல் திருப்பிக் கீழே கொண்டுவந்து மூக்கு செய்தார். 1794இல் லண்டன் இதழ் ஒன்றில் படத்தோடு வந்த பிறகுதான் ஐரோப்பிய டாக்டர்கள் அந்த வழியைத் தேடிப் பிடித்தார்களாம். என் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆபரேஷன் ஐந்தரை மணி நேரம். எனக்குத் தெரிந்தது விழித்த பிறகு நடந்தது மட்டும். தையல் புதிதாக இருக்கும்போது மெஷின் காற்று அதை அழுத்தக் கூடாது என்பதால் கூடிய சீக்கிரம் சொந்த மூச்சுக்கு விட்டுவிட்டார்கள். நிமிர்ந்து பார்க்கலாம் என்றால் முடியவில்லை. தாடையை நெஞ்சுத் தோலோடு சேர்த்துக் கெட்டி நூலால் தைத்திருந்தார்கள்! கழுத்தை அண்ணாந்தால் உள்ளே இணைத்த மூச்சுக்குழாய் இழுபடும், அதற்குக் காவல். இதை முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயந்திருப்பேன், சரி, ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும். முதல் குறை இது. ஏழு நாள் என் வயிற்றையும் கட்டில் கம்பியையும் தவிர எதையும் பார்க்கவில்லை. டாக்டரை அவர் செருப்பை வைத்து அடையாளம் தெரிந்துகொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் தொண்டிக்காரர் ஒருவர். புற்றுநோய்க்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அவருக்கு என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? எனக்கு எந்த இடத்தில் ஓட்டையை அடைத்தார்களோ, கிட்டத்தட்ட அதே இடத்தில் வேண்டுமென்றே ஓர் ஓட்டை போட்டு, அதில் சிலிக்கான் வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். கழுத்துத் துளையை விரலால் மூடினால் நுரையீரல் காற்று அந்த வால்வுவழியே உணவுக்குழாய்க்குள் போய்க் குரலாக வரும். காற்று போகும், சாப்பாடு திரும்பி வராது. ஒருவனுக்குக் காலனான ஓட்டை இன்னொருவனுக்குக் குரல். அவர் கரகரவென்று பேச, நான் வயிற்றைப் பார்த்துக்கொண்டே தலையாட்ட, இரண்டு நாள் படகு விலை பேசினோம்.

எட்டாம் நாள் தாடைத் தையலைப் பிரித்தார்கள். ஒன்பதாம் நாள் எக்ஸ்ரே அறையில் நிற்கவைத்து ஒரு சாயத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று வாயால் எதையும் குடித்து. வாயில் வைத்தேன், விழுங்க வரவில்லை. எப்படி விழுங்குவது என்று தொண்டைக்கு மறந்துபோயிருந்தது. "அவசரம் இல்ல, நாக்கை மேல அழுத்திட்டு முழுங்குங்க" என்றார் சிஸ்டர். இறங்கியது. இருமலுக்காகக் காத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் டாக்டரும் காத்திருந்தார். வரவில்லை. திரையில் கறுப்பு நூல் மாதிரி ஒரே கோடாக வயிற்றுக்குள் போனதை மகளுக்குக் காட்டினார்களாம். சாயம் கசப்பா இனிப்பா என்றுகூட நினைவில்லை. அன்று சாயங்காலம் கால் டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். அது இனித்தது.

இனி மற்ற குறைகள். உடன் இருப்பவர் படுக்க இடம் இல்லை; என் மனைவி பதினாறு இரவு வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தாள், பெண்களுக்கான குளியலறை இரண்டு மாடி கீழே. கேன்டீனில் கஞ்சி கேட்டால் காலையில் மட்டும்தான். விழுங்கப் பயிற்சி தருபவர் வாரம் இரண்டு நாள்தான் வருவார். இந்த நோய்க்கு அது போதாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு என்பதை நம்பிப் போனோம். கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அனுமதி வரும்வரை கவுண்டருக்கும் வார்டுக்கும் ஆறு நாள் நடந்தது என் மகள். கையிலிருந்து போனது ஒன்றே முக்கால் லட்சம். அதில் பெரும்பங்கு அந்த ஐந்து மாதத்து மருந்து, மாவு, சளி உறிஞ்சும் மெஷின் வாடகை, ரயில், ஆட்டோ. ஆபரேஷனுக்கு மட்டும் பணம் எடுத்துவைக்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரல் முழுசாகத் திரும்பவில்லை. குரல் நரம்பு சரியாக இந்த இரண்டு குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் ஓடுகிறது. அதைத் தொடாமல் வேலை செய்வது கஷ்டம் என்று முன்பே சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார், அதனால் குறையில் சேர்க்கவில்லை. பேசலாம், கரகரக்கும். கடற்கரையில் காற்றடிக்கும்போது கத்த முடியாது. பட்டறையில் ஒரு தகரத் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம், வலப்பக்கத் தசை குறைந்ததால் இடப்பக்கம் தலையைத் திருப்புவது கொஞ்சம் சோம்பல். பைக்கில் இடப்பக்கம் திரும்பும்போது உடம்போடு திரும்புகிறேன். கழுத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். சட்டைப் பொத்தானைப் போட்டால் தெரியாது. நான் போடுவதில்லை.

சாப்பாட்டில் விலக்கு எதுவும் இல்லை. மெதுவாக மென்று சாப்பிடச் சொன்னார்கள். வீடு வந்த இரண்டாம் மாதம் நெத்திலிக் குழம்பு. முள்ளுக்குப் பயந்து மனைவி ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள், நெத்திலிக்குப் போய் முள் எடுத்தவள் இந்தக் கரையிலேயே அவள் ஒருத்திதான்.

போன மாதம் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். இணைத்த இடம் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, பிசிறு இல்லை. நானே போட்டிருந்தாலும் அவ்வளவு நேராக வந்திருக்காது. நாலு நட்சத்திரம்; ஐந்தாவது என் மனைவி படுத்த வராந்தாவுக்காகக் குறைத்தது. அடுத்த செக்கப்பை மே மாதம் போட்டார், ஜூன் கடைசிக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். ஏப்ரல் 15க்கு நாலு படகு வரிசையில் நிற்கிறது.